பெருமின்னோட்டத்தை அளத்தல்

பழைய மிதிவண்டியில் மின்மோட்டாரைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் இன்று மாணவர் பலரிடம் காணப்படுகிறது. 36 வோல்ட் மின்கலத் தொகுப்பிலிருந்து 250 வாட் மோட்டார் முழுத் திறனுடன் இயங்கும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வண்டி புறப்படும் நொடியிலும் மேட்டில் ஏறும்போதும் அது இருமடங்குக்கும் மேலாக உயரக்கூடும். கம்பியின் தடிமன், உருகியின் அளவு, மின்கலம் தாங்கும் நேரம் ஆகிய மூன்றையும் முடிவு செய்ய அந்த மின்னோட்டத்தை அளந்தறிய வேண்டும்.

கைக்கு உடனே கிடைப்பது மல்டிமீட்டர். அதில் ‘10 ஆம்பியர்’ எனக் குறித்த துளை ஒன்று உண்டு. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அத்துளைக்கு உருகி இராது; பத்து நொடிக்குமேல் பயன்படுத்தலாகாது என்னும் குறிப்பும் அருகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பைப் படிப்பவர் மிகச் சிலரே. மின்னோட்டம் அளக்கும் வழியின் மின்தடை ஏறக்குறைய சுழியம். ஆதலின் அதைச் சுற்றில் தொடராகவே இணைக்க வேண்டும். மின்னோட்டத்தை அளந்தபின் சிவப்புக் கம்பியை அதே துளையில் விட்டுவிட்டு, மின்னழுத்தம் காண மின்கலத்தின் இரு முனைகளையும் ஒருவர் தொட்டால் அது குறுக்குச்சுற்றாகிவிடும். நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்து கம்பி உருகலாம், கையும் சுடலாம்.

பெருமின்னோட்டம் முழுவதையும் கருவிக்குள் செலுத்த வேண்டிய தேவையே இல்லை. ஷண்ட் என்பது மிகக் குறைந்த, ஆனால் துல்லியமாக அறியப்பட்ட தடையுடைய உலோகப் பட்டை. ‘50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட்’ எனப் பொறித்த ஷண்டின் தடை 0.0015 ஓம். அதன் வழியே 20 ஆம்பியர் பாய்ந்தால் 30 மில்லிவோல்ட் தோன்றும். அச்சிறு மின்னழுத்தத்தை மல்டிமீட்டரே அளந்துவிடும். ஷண்டில் இருவகைத் திருகுகள் உள்ளன: பெரியவை மின்னோட்டத்திற்கு, சிறியவை அளவீட்டிற்கு. அளவீட்டுக் கம்பிகளைப் பெரிய திருகுகளில் மாட்டினால் இணைப்பின் தடையும் கணக்கில் சேர்ந்து, அளவு பொய்க்கும். 50 ஆம்பியர் பாயும்போது ஷண்ட் 3.75 வாட் வெப்பத்தை வெளியிடுவதால், காற்றோட்டமுள்ள இடத்தில் அதைப் பொருத்துதல் நன்று.

கம்பியை வெட்டாமலே அளக்க உதவுவது கிளாம்ப் மீட்டர். அதன் தாடைகள் கம்பியைச் சூழ்ந்து நின்று, மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை உணர்கின்றன. இங்கேதான் வாங்குவோர் பெரிதும் ஏமாறுகின்றனர். மலிவானவை மின்மாற்றித் தத்துவத்தில் இயங்குவதால் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுமே காட்டும். மின்கலக் கம்பியில் மாட்டினால் சுழியத்தையே காட்டும். மின்னோட்டமே இல்லை என நம்பி ஒருவர் கம்பியைக் கழற்ற முற்பட்டால் நேரும் இடரைச் சொல்ல வேண்டுவதில்லை. நேர்திசை மின்னோட்டத்திற்கு, எட்வின் ஹால் 1879ஆம் ஆண்டில் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் கருவியே ஏற்றது. அளப்பதற்குமுன் அதைச் சுழியத்திற்குக் கொணர வேண்டும். தாடைக்குள் ஒரு கம்பி மட்டுமே செல்ல வேண்டும். போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து சென்றால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும்.

மோட்டாரைச் சோதித்துப் பார்ப்பதோடு பணி முடியுமாயின் ஹால் வகைக் கிளாம்ப் மீட்டர் போதும். வண்டியிலேயே மின்னோட்டத்தை எப்போதும் காட்ட வேண்டுமாயின் ஷண்டும் அதற்குப் பொருந்திய சிறு மீட்டரும் சிறந்தவை, விலையும் குறைவு. புறப்படும் நொடியின் உச்ச அளவைச் சாதாரணத் திரை தவறவிடும். ஆதலின் உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதி உண்டா எனக் கேட்டு வாங்குக. வீட்டின் 230 வோல்ட் இணைப்பில் இவ்வளவீடுகளைச் செய்தல் மாணவர்க்குரிய பணியன்று.

சொற்பொருள்
உருகி – மின்னோட்டம் மிகும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கும் கம்பி
சுழியம் – பூச்சியம்
இடர் – துன்பம்

வினாக்கள்
1. மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பி எத்துளையில் உள்ளது என ஏன் பார்க்க வேண்டும்?
2. மின்கலக் கம்பியில் மாட்டிய கிளாம்ப் மீட்டர் சுழியம் காட்டுவதற்குரிய இரு காரணங்களை எழுதுக.
3. ‘50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட்’ ஷண்டில் 24 மில்லிவோல்ட் தோன்றினால், பாயும் மின்னோட்டம் எவ்வளவு?
4. பிரித்து எழுதுக: அச்சிறு, எத்துளை, பெருமின்னோட்டம்.