அளந்து பேசும் கருவிகள்

நுழையும்முன்

மின்கம்பி எட்டாத இடங்களிலும் சிறு கருவிகள் மாதக்கணக்கில் செய்தி அனுப்புகின்றன. சில மின்கலங்களே அவற்றின் ஆற்றல்மூலம். அவ்வாற்றலைக் காக்கும் தொடர்பு நெறிமுறைகளை இப்பாடத்தில் அறிவோம்.

பறவைத் தீவில் உணரிகள்

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் தீவு உள்ளது. அங்கு, லீச் புயல் பெட்ரல் என்னும் கடற்பறவை நிலத்தடி வளைகளில் முட்டையிடுகிறது. மனிதர் அடிக்கடி அணுகினால் அது கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். ஆகவே, 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் 32 கம்பியில்லா உணரிகளை வளைகளுக்குள்ளும் அவற்றின் அருகிலும் வைத்தனர். மின்கலம் மாற்ற அடிக்கடி செல்ல நேர்ந்தால் அம்முயற்சியின் நோக்கமே சிதைந்துவிடும். எனவே, ஆற்றற்சிக்கனம் அங்குப் பறவைகளின் பாதுகாப்பாகவும் அமைந்தது.

உறக்கமே சேமிப்பு

இத்தகைய வானொலிக் கருவிகள் செய்தி அனுப்பும்போது மட்டுமன்றி, செய்தி வருமா எனக் காத்திருக்கும்போதும் ஏறத்தாழ அதேயளவு ஆற்றலைச் செலவிடுகின்றன. ஆதலால் அவை பெரும்பொழுது உறங்கிச் சிறுபொழுதே விழிக்கின்றன. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் செய்தி சேரும். அதனை ஒழுங்குபடுத்துவது நெறிமுறையின் பணி. அடிக்கடி விழித்தால் செய்தி விரைவாகச் சேரும். மின்கலமோ விரைவில் தீரும். மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி தாமதிக்கலாம்; தீயை அறிவிக்கும் உணரி தாமதிக்கலாகாது.

சொல்லில் சிக்கனம்

2003இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.15.4 என்னும் தரநிலையில் ஒரு செய்திப்பொதியின் உச்ச அளவு 127 பைட்டுகளே. இணையத்தின் ஐ.பி. ஆறாம் பதிப்பிலோ முகவரி தாங்கும் தலைப்பகுதிக்கு மட்டும் 40 பைட்டுகள் வேண்டும். உறையே கடிதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் செய்தியை எங்கே எழுதுவது? 2007இல் வரையறுக்கப்பட்ட சிக்ஸ்லோபேன் நெறிமுறை இதற்கு வழிகண்டது. இருபுறமும் முன்பே அறிந்தவற்றை மீண்டும் கூறாமல் விடுவதால் தலைப்பகுதி சில பைட்டுகளாகச் சுருங்குகிறது.

கைமாறும் செய்தி

குறைந்த ஆற்றலில் எழும் அலை நெடுந்தொலைவு செல்லாது. எனவே, ஒரு கருவியின் செய்தியை அடுத்த கருவி வாங்கி அனுப்புகிறது. 2012இல் வெளியான ஆர்.பி.எல். நெறிமுறை இதற்கான வழியை வகுக்கிறது. ஒரு கருவி செயலிழந்தால் மாற்றுவழியையும் தேடுகிறது. ஆயினும், நுழைவாயிலுக்கு அருகிலுள்ள கருவிகள் பிறவற்றின் செய்திகளையும் சுமப்பதால் அவற்றின் மின்கலங்களே முதலில் தீரும். அவை ஓய்ந்தால் தொலைவிலுள்ளவை ஆற்றலிருந்தும் ஊமையாகும். ஆகவே, தனிக் கருவியின் சிக்கனம் மட்டும் போதாது. சுமையைப் பகிர்தலும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

காட்டுத்தீயைக் கண்டறியும் உணரி எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை விழிக்க வேண்டும்? காரணங்களுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.