கரும்புக்கும் அப்பா அம்மா உண்டு



போன வருஷம் எங்க தோட்டத்துக் கரும்பு காய்ஞ்சு போச்சு. அப்பாரு ஒரு கரும்பைப் பிளந்து காட்டினார். உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளிச்ச வாசம். "செவ்வழுகல் கண்ணு, வெட்டி எரிக்க வேண்டியதுதான்" என்றார். ஒரே நோய் எப்படி இத்தனை கரும்பையும் பிடிக்கிறது என்று யோசித்தேன்.

கரும்பை நாம் கரணை வைத்து நடுகிறோம். கரணையில் வருவது தாய்க் கரும்பின் அச்சு அசல். ஒன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி இல்லை என்றால் வயலில் எதற்கும் இல்லை. புது ரகம் வேண்டுமானால் ஒரு கரும்பின் மகரந்தம் இன்னொரு கரும்பின் பூவில் சேர்ந்து விதை பிடிக்க வேண்டும். விதையில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் வேறு வேறு குணம், அண்ணன் தங்கச்சி மாதிரி.

இதற்காகவே 1912-இல் நம்ம கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். இங்கே கரும்பு நன்றாகப் பூக்கும். பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் சேர்த்தார்கள். நாணலில் இனிப்பு குறைவு, ஆனால் தாங்கும் சக்தி அதிகம். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918-இல் வெளிவந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர்! 1934-இல் அங்கே சேர்ந்த ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பார்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஒரு ரகம் வெளிவர 10 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆயிரக்கணக்கான நாற்றில் ஒன்றிரண்டுதான் தேறும். நோய்க்கிருமியும் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று தாங்கிய ரகம் நாளைக்குத் தாங்காது. அதனால் இந்த வேலைக்கு எப்போதும் ஆள் வேண்டும்.

படிக்கும் வழி:
1. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவு.
2. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 4 வருஷ வேளாண்மைப் பட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு.
3. பிறகு பயிர் இனப்பெருக்கம், மரபியலில் மேற்படிப்பு 2 வருஷம். அதன்பின் முனைவர் பட்டம்.

"பொட்டப்புள்ள காட்டு வேலைக்கா படிக்கறது?" என்று அப்பாரு கேட்டார். ஜானகி அம்மாள் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, புது ரகம் கண்டுபிடிச்சா மொதக் கரணை நம்ம தோட்டத்துக்குத்தான்" என்றார்.

உங்க தோட்டத்தில் இருப்பது என்ன ரகம்? இன்றைக்கே வீட்டில் கேளுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி