பிங் 40 தான், அப்புறம் ஏன் இடிச்சோம்? சிம் ரேஸிங்குக்கு ஒரு நெட்வொர்க் பாடம்



கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே நம்ம திருப்பூருக்கு ஒன்றும் தூரமில்லை. ஆனால் அங்கே ரேஸ் ஓட்ட நம்ம பாக்கெட் மணி பத்தாது. அதனால்தான் ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ஆன்லைன் லீக்கில் உட்காருகிறோம்.

போன சீசன் கடைசி ரேஸில் என் கார் என் கிளாஸ்மேட்டைத் தட்டிவிட்டது. என் ஸ்கிரீனில் நான் அவனைத் தொடவே இல்லை. அவனுக்குப் பாயிண்ட்ஸ் போச்சு. இரண்டு வாரம் என்கிட்ட பேசலை. ஏன் அப்படி ஆச்சுன்னு தேடினப்போ கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்.

முதலில் கணக்கு

மணிக்கு 180 கி.மீ. என்றால் நொடிக்கு 50 மீட்டர். 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 5 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கார் நீளம். அதனால் கேம் எதிராளியின் கார் கடைசியாக எங்கே, எந்த வேகத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று பார்த்து, இப்போ எங்கே இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. நேர் ரோட்டில் ஊகம் சரியாக இருக்கும். பிரேக் பிடிக்கிற இடத்தில் தப்பும். ஆக, "நான் இடிக்கல", "நீ இடிச்ச" இரண்டுமே அவரவர் ஸ்கிரீனில் உண்மை!

மூன்று வார்த்தைகள்

பிங்: தகவல் போய்த் திரும்பும் நேரம்.

ஜிட்டர்: அந்த நேரம் ஏறி இறங்குவது. டையிங்கிலிருந்து துணி தினமும் ஒரு மணி நேரம் லேட்டாக வந்தால் கட்டிங் மாஸ்டர் சமாளித்துக்கொள்வார். ஒருநாள் பத்து நிமிடம், ஒருநாள் மூன்று மணி நேரம் என்றால் லைனே நிற்கும். நிலையான 120 பிங், 40-க்கும் 200-க்கும் குதிக்கிற பிங்கை விட மேல்.

பாக்கெட் லாஸ்: வழியில் தொலைவது. ரேஸ் கேம்கள் பெரும்பாலும் கார் நிலையை யூடிபி மூலம் அனுப்பும். தொலைந்ததைத் திரும்பக் கேட்காது. பழைய நிலை வந்து என்ன பிரயோஜனம்?

எங்க வீட்டுக் குற்றவாளி

அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கு சாம்பிள் வீடியோக்களை ராத்திரிதான் அப்லோடு செய்வார். எங்கள் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ். ரூட்டரில் 1 எம்பி தகவல் வரிசையில் நின்றால், அது வெளியேற 0.4 நொடி ஆகும். என் கார் நிலையும் அதே வரிசையில்தான் நிற்கணும். அதாவது 20 மீட்டர் தாமதம்! இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். நானோ நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ping -t போடுங்க, இந்த வரிசையில்:

1. ரூட்டர் (பல வீடுகளில் 192.168.1.1). இங்கேயே குதித்தால் பிரச்சினை வைஃபையில்.
2. 8.8.8.8. ரூட்டர் சரி, இது மோசம் என்றால் லைனில் பிரச்சினை. ரிசல்ட்டைச் சேமித்துப் புகார் கொடுங்க.
3. கேம் சர்வர். இது மட்டும் மோசம் என்றால் தூரம் அல்லது ரூட்டிங். லீக்கில் மும்பை, சிங்கப்பூர் சர்வர் கேட்டுப் பாருங்க.

மூன்றையும் சும்மா ஒரு தடவை, பெரிய ஃபைல் அப்லோடு ஆகும்போது ஒரு தடவை பாருங்க. அப்லோடில் மட்டும் ஏறினால், எங்க வீட்டுக் கதைதான்.

தீர்வு

லேன் கேபிள் இழுங்க; 100 மீட்டர் வரை கவலையில்லை. ரூட்டரில் எஸ்க்யூஎம் இருந்தால் லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்கு வைங்க. அக்கா அப்லோடை நிறுத்தச் சொல்லாதீங்க; அது அவங்க வேலை, இது நம்ம ஆட்டம். கரண்ட் போனாலும் தாங்க, ஃபைபர் மோடம், ரூட்டர் இரண்டுக்கும் யுபிஎஸ் கொடுங்க.

எல்லாம் செய்தாலும் சில நாள் அறும். 2023 ஜனவரியில் 24 மணி நேர லே மான்ஸ் வர்ச்சுவல் ரேஸில் முன்னிலையில் இருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கே தொடர்பு அறுந்தது. கடைசியில் ரேஸையே விட்டு விலகினார்.

அதனால் கடைசிப் பாடம்: உங்க லைன் ஆடுதுன்னு தெரிந்தால் பக்கத்தில் பக்கத்தில் மோதாதீங்க. இடம் விடுங்க, ரேஸ் கண்ட்ரோலுக்குச் சொல்லுங்க, முடியலன்னா பிட்டுக்குள்ள வாங்க. ஒரு ரேஸ் போனால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். என் கிளாஸ்மேட்டிடம் இரண்டு ரீப்ளேயையும் பக்கத்தில் வைத்துக் காட்டின பிறகுதான் அவன் சிரித்தான்.

இன்றைக்கு ராத்திரி குவாலிஃபையிங்குக்கு முன்னாடி அந்த மூன்று பிங்கையும் ஒரு தடவை பார்த்துடுங்க!