கல்லில் இல்லாத புள்ளி: இளம் கல்வெட்டாய்வாளருக்கு ஒரு மடல்

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். கடலோரக் கல்லில் உப்புக் காற்று எழுத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் இத்தகைய கல்வெட்டுக்கு மைப்படிதான் காப்பு. அந்தப் படி எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பது அதைவிடப் பெரிய காப்பு.

மைப்படி எடுப்பவர் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவார். நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தட்டுவார். ஈரம் சற்று வற்றியதும் மைப்பந்தால் ஒற்றுவார். பள்ளத்தில் மை படாததால் கறுப்பில் எழுத்து வெள்ளையாக எழும். சோழர் காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமா ஏகாரமா என்பதும் தெரியாது. அச்சில் காணும் புள்ளிகள் பெரும்பாலும் படித்தவர் வைத்தவை. படியின் படத்தை மறைத்து, தாம் படித்தறிந்த பாடத்தை மட்டும் வெளியிடுகிறவர், தம் முடிவுகளையே கல்லின் சொல்லாக வாசகரிடம் கொடுத்துவிடுகிறார்.

இக்கடற்கரைக்குக் கல்வெட்டியலில் ஒரு முதன்மை உண்டு. 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளரான ஹுல்ட்ஷ் 1890-ல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி, மாமல்லபுரத்துப் பல்லவர் கல்வெட்டுகளோடு தொடங்குகிறது. அச்சேறியவை உலகெங்கும் போயின; ஏறாதவை அலுவலகத்தில் தாளாகவே தங்கின. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் உதகையிலிருந்து மைசூருக்குப் போனது. அங்குள்ள தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படிகள் ஊர் மாறுவது பாதி வேலைதான். யாரும் கேட்காமலே பார்க்கும்படி வைப்பது மீதி.

ஒரு பாடம் எதற்கு உதவும் என்பது முன்கூட்டித் தெரியாது. 2004 சுனாமி மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணலை அரித்தபோது பாறைக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. அதைப் பின்தொடர்ந்து தோண்டியபோதுதான் செங்கல்லால் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது.

தம் உழைப்பைப் பிறருக்கும் பயன்படத் திறந்து வைத்த முன்னோடிகளும் இருக்கிறார்கள். கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் 1978-ல் சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு அடைவு வெளியிட்டார்கள். பிறர் கேள்விகளுக்கும் அது கருவியானது. ஐராவதம் மகாதேவனின் சிந்து எழுத்துத் தொகுப்பு வந்தது 1977-ல். சிந்து எழுத்தின் மொழி திராவிடம் என்ற அவருடைய கருத்தை மறுப்பவர்களும் அவர் தொகுத்த பட்டியலை எடுத்துக்கொண்டே மறுக்க முடிகிறது. ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை அரிது. 2019-ல் ஐரோப்பிய ஆய்வுக் கழக நிதியோடு தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் கணினி படிக்கும் கோப்புகளாகத் திறந்து வைத்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம்.

இத்துறைக்குப் புதியவர் பழகவேண்டிய முதல் ஒழுங்கு, படமும் பாடமும் சேர்ந்தே வெளிவரச் செய்வது. கட்டுரை அச்சாகும்வரை படத்தைப் பூட்டிவைக்கும் வழக்கம் பரவலானது. ஆனால் பூட்டியவர் ஓய்வுபெற்றதும் சாவி தொலைந்துபோவதும் அதே அளவு பரவலானது. சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் பகர அடைப்புக்குள் இடவேண்டும்; கிரேக்க, லத்தீன் ஆவணங்களுக்கு 1931-ல் லைடன் நகரில் வகுத்த நெறியும் இதுவே. கல்வெட்டு எந்தச் சுவரில், அடித்தளத்தின் குமுதத்திலா பட்டிகையிலா, எந்த நாளில் படியெடுத்தது என்பவற்றையும் கோப்பிலேயே எழுதவேண்டும். கல்லைக் காட்டிக்கொடுத்த ஊர்க்காரர் விரும்பினால் அவர் பெயரும் அதில் இடம்பெறுவது முறை.

திறந்து வைப்பதற்கும் எல்லை உண்டு. காவலில்லாத சிற்பத்தின், செப்புத்திருமேனியின் துல்லியமான இருப்பிடம் முதலில் போகவேண்டியது தொல்லியல் துறைக்கு. அதைப் பொதுவில் போட்டால் சிலைத் திருடருக்கு வழிகாட்டியதாகும். அங்கும் எழுத்தின் படத்தையும் பாடத்தையும் மறைக்கத் தேவையில்லை. ஊர்ப் பெயர் வரை சொல்லி நிறுத்தினால் போதும்.