சுழன்றும் புறப்படாத மோட்டார் வண்டி: பழுதின் இடம் காணும் முறை

நம் சங்கங்கள் பலவும் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு மோட்டார் வண்டியை வைத்திருக்கின்றன. நூல் கட்டுகளைக் கொண்டுவருவதும், நெய்த துணிகளை விற்பனைச் சாலைக்கு அனுப்புவதும், விளைந்த காய்கறியை விடியுமுன் சந்தைக்குச் சேர்ப்பதும் அவ்வண்டியால்தான். அது ஒரு நாள் காலையில் புறப்பட மறுத்தால், துணி மறுநாள் வரை காத்திருக்கும், தக்காளி காத்திராது. அந்த அவசரத்தில் ஒருவர் பாட்டரியை மாற்றச் சொல்வார். மற்றொருவர் பிளக்கை மாற்றச் சொல்வார். மூன்றாமவர் பம்பை மாற்றச் சொல்வார். மூன்றும் மாற்றப்பட்ட பின்னும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். செலவோ பொதுப் பணத்தில் எழுதப்படும்.

தறியில் இழை அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப் பிணைப்போமேயன்றிப் பாவு முழுவதையும் களைந்து எறிவோமா? மோட்டாருக்கும் அதே முறைதான். அங்கத்தினர் ஒவ்வொருவரும் மெக்கானிக் ஆக வேண்டுவதில்லை. ஆனால் பழுது எப்பகுதியில் உள்ளது என்று சோதித்துச் சொல்லும் அளவுக்கு அறிவு இருத்தல் நலம். அதற்கான வரிசையை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் பழுதை இனம் பிரித்தல்

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்னும் சொல்லில் இருவேறு பழுதுகள் அடங்கியுள்ளன. சாவியைத் திருப்பியதும் ஓசையே இல்லாமலோ, "டிக்" என்ற ஒலி மட்டும் எழுந்தோ நின்றுவிடுவது ஒன்று. அது பெரும்பாலும் பாட்டரி, அதன் முனைகள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் குறை. இஞ்சின் நன்றாகச் சுழன்றும் தானாக இயங்கத் தொடங்காமை மற்றொன்று. இங்கு நாம் ஆராய்வது இரண்டாவதையே.

முற்காலத்தில் ஓட்டுநர் வண்டியின் முன் நின்று கைப்பிடியால் இஞ்சினைச் சுழற்றுவார். சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டபின் அவ்வேலை மெல்ல மறைந்தது. ஸ்டார்ட்டர் செய்வது அந்தக் கையின் வேலையை மட்டுமே. உள்ளே தீ மூளுவது வேறு காரியம். ஆகவே இஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழல்கையில் புதிய ஸ்டார்ட்டர் வாங்குவது வீண் செலவாகும்.

ஒரு விலக்கு உண்டு. சுழற்சி மந்தமாக இருப்பின் பாட்டரியை முதலில் அளந்து பார்க்க வேண்டும். நன்கு மின்னேற்றிய 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பாட்டரியோ அதன் இணைப்போ நலிந்துள்ளதென்று கொள்ளலாம். அந்நிலையில் வேறு சோதனை எதுவும் நம்பத்தக்கதன்று.

தீ மூள வேண்டுவன

அடுப்பெரிய விறகும் காற்றும் நெருப்பும் வேண்டும். பெட்ரோல் இஞ்சினிலும் அவ்வாறே. எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் கலந்து, அக்கலவையைச் சிலிண்டருக்குள் சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்தி, உரிய கணத்தில் மின்பொறி இடவேண்டும். 1876 இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு இஞ்சின் முதல் இன்றைய கார் வரை, கலவையை அழுத்தித் தீ மூட்டும் விதி மாறவில்லை. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே: பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? காற்று உட்சென்று அழுந்துகிறதா? எல்லாம் உரிய கணத்தில் நடக்கின்றனவா?

கருவியின்றிக் காணத்தக்கவை

1. டாங்கில் எண்ணெய் உள்ளதா? அளவு காட்டும் முள் பொய் சொல்வதுண்டு. ஐயமிருந்தால் 5 லிட்டர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் டீசலோ, டீசல் வண்டியில் பெட்ரோலோ ஊற்றப்பட்டதாகத் தெரிந்தால் சாவியைத் தொடவே கூடாது.

2. சாவியை ஒரு நிலை திருப்பி, சுழற்றாமல் நிறுத்துக. இஞ்சின் சின்னமுள்ள விளக்கு எரிய வேண்டும். எரியாவிடில் இஞ்சினை ஆளும் கணினிக்கு மின்சாரம் செல்லவில்லை என்று ஐயுறலாம். உரிய பியூசையும் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

3. சாவி அல்லது பூட்டுச் சின்னமுள்ள விளக்கு விடாமல் மின்னினால், திருட்டுத் தடுப்பு அமைப்பு சாவியை ஏற்கவில்லை என்பது பொருள். பல வண்டிகளில் அப்போது இஞ்சின் சுழலும்; ஆனால் இயங்காது. மாற்றுச் சாவியைக் கொண்டு முயல்க.

4. அதே நிலையில், வண்டியின் பின்பக்கம் செவி சாய்த்துக் கேட்க வேண்டும். மின்சாரப் பெட்ரோல் பம்பு டாங்கினுள் ஏறத்தாழ 2 விநாடி ரீங்காரமிடும். ஒலியில்லையேல் பம்பின் பியூஸ், ரிலே, இணைப்புக் கம்பி, கடைசியாகப் பம்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஹாரன் ரிலேயும் அதே எண்ணுடையதாயின், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தாலே ரிலேயின் நிலை விளங்கும். ஒலி கேட்டாலும் அழுத்தம் போதுமானதென்று முடிவு கட்டலாகாது. அதை அளவுமானி கொண்டே அறிய வேண்டும்.

5. சுழலும் ஓசையைக் கவனிக்க. இயல்பான ஓசையில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் கேட்கும். அஃதின்றி இஞ்சின் வழக்கத்தைவிட விரைவாக, ஒரே சீராகச் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும். சில இஞ்சின்களில் மேலும் சுழற்றினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டின் விலையோடு முடியவேண்டிய செலவு பன்மடங்காகும்.

பிளக் கூறும் சான்று

இவ்வளவிலும் விடை கிடைக்காவிடில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலமுறை சுழற்றிய பின்னும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவு மிஞ்சிவிட்டது. மிஞ்சியிருப்பின் பிளக்கை மீண்டும் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தியவாறு சில விநாடி சுழற்றலாம். இன்ஜெக்டர் உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில் கணினி அப்போது பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும்.

பொறியைச் சோதிக்க அதற்கென விற்கும் சோதனைக் கருவியையே பயன்படுத்த வேண்டும். பிளக்கின் கம்பியைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. அதில் பாயும் மின்சாரம் 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. சிந்திய பெட்ரோல் அருகில் இருக்கும்போது பொறிச் சோதனை செய்யவே கூடாது.

இரு வாய்க்காலும் வற்றினால்

பயிர் வாடினால் விவசாயி வயலிலிருந்து மடைக்கும், மடையிலிருந்து வாய்க்காலுக்கும் நடந்து பார்க்கிறார். ஒரு வாய்க்கால் மட்டும் வற்றியிருந்தால் அடைப்பு அந்த வாய்க்காலில் உள்ளது. இரண்டும் ஒருசேர வற்றியிருந்தால் வாய்க்காலைத் தோண்டிப் பயனில்லை. தலைமதகையே பார்க்க வேண்டும்.

இஞ்சினிலும் இவ்வாறே சிந்திக்க வேண்டும். ஒரு வண்டி சந்தைக்குச் சென்று நிறுத்தப்படுகிறது. சரக்கிறக்கிய கால் மணி நேரத்தில் மீண்டும் சாவியைத் திருப்பினால் சுழல்கிறது, இயங்கவில்லை. பம்பின் ஒலி கேட்கிறது. ஆனால் பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்கவில்லை. சுழலும்போது இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் அசையாமல் கிடக்கிறது. ஒரு மணி நேரம் ஆறியபின் வண்டி தானாகவே இயங்குகிறது. பிளக்கும் இன்ஜெக்டரும் ஒரே கணத்தில் கெட்டிருக்க நியாயமில்லை. இரண்டுக்கும் பொதுவான தலைமதகு கிராங்க் தண்டின் நிலையைக் கணினிக்குத் தெரிவிக்கும் சென்சாராகும். அச்செய்தி வராவிடில் கணினி பொறியும் இடாது, பெட்ரோலும் விடாது. சூட்டில் செயலற்று, ஆறியபின் வேலை செய்வது இந்தச் சென்சார் பழுதில் அடிக்கடி காணும் குணம். இங்ஙனம் எண்ணிப் பார்ப்பவர் முதலில் சென்சாரையும் அதன் கம்பியையும் சோதிக்கச் சொல்வார். பிளக்குகளை மாற்றச் சொல்லார்.

கணினியில் பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவியும் இதற்கு உதவும். அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட 16 முனை இணைப்பு இன்று பல நாட்டு வண்டிகளிலும் ஓட்டுநர் முன்பலகையின் அடியில் உள்ளது. 'பி 0335' என்ற குறியீடு கிராங்க் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும். எனினும் குறியீடு தெருவைக் காட்டுமேயன்றி வீட்டைக் காட்டாது. சென்சார் நன்றாயிருந்து அதன் கம்பியை எலி கடித்திருப்பினும் அதே குறியீடே தோன்றும்.

டீசல் வண்டிக்குச் சில சொற்கள்

டீசல் இஞ்சினில் மின்பொறி இல்லை. அழுந்திய காற்றின் வெப்பமே தீ மூட்டுகிறது. ஆதலால் சுழலும் வேகம் குறைந்தால் அதுவே காரணமாகிவிடும். குளிர்காலையில் ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்துச் சுழற்ற வேண்டும். சுழற்றும்போது புகைக்குழாயில் வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லையேல் டீசல் வரவில்லை. கிணற்று ஆயில் இஞ்சின் வைத்திருப்போர் அறிந்த காற்றுப் பிடித்தல் வண்டியிலும் நேரும். ஆனால் இக்கால உயர் அழுத்த டீசல் வண்டிகளின் குழாயை, ஆயில் இஞ்சினில் செய்வதுபோல், சுழலும்போது தளர்த்தலாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுள் செல்லும்.

செய்யத்தகாதன

ஒருமுறைக்கு 10 விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். மறுமுறைக்கு முன் ஒரு நிமிஷமேனும் ஓய்வு கொடுங்கள். இல்லையேல் ஒரு பழுதோடு பாட்டரியும் ஸ்டார்ட்டரும் சேரும்; எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாசு நீக்கியையும் கெடுக்கும். ஒரே வேளையில் இரு பாகங்களை மாற்றாதீர்கள். எது குணமாக்கியது என்பது தெரியாமற் போகும்.

சங்கத்திற்கு ஒரு யோசனை

வண்டிக்கென ஒரு குறிப்பேடு வைத்தல் நன்று. எந்த விளக்கு எரிந்தது, பம்பு ஒலித்ததா, முள் அசைந்ததா, இஞ்சின் சூடாயிருந்ததா என்பவற்றை ஓட்டுநர் அன்றன்றே எழுதட்டும். மெக்கானிக்கை அழைக்கும்போது "இதை மாற்றுங்கள்" என்னாமல், "இவற்றைக் கண்டோம்" என்று அவ்வேட்டைக் காட்டுக. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, எந்தச் சோதனையால் அது பழுதென்று தெரிந்தது என்பதையும் பில்லின் பின்புறம் எழுதி வைக்குமாறு காரியதரிசி பார்த்துக்கொள்ளட்டும். சோதனை குறிக்கப்படாத பில்லை நிர்வாகக் குழு கேள்வியின்றி ஏற்கலாகாது. அப்பணம் தறியிலும் வயலிலும் உழைத்தவர்களுடையது.