உச்சிக்குழி

கோடை விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். என் தமக்கையின் ஐந்து மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. "உச்சி காய்ந்துவிட்டதடா" என்று சொல்லிப் பாட்டி அதில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, உச்சிக்குழி என்பது மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடம். பிறப்பின்போது தலை நெகிழ்ந்து கொடுக்கவும், பின்னர் மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். பிறக்கும்போது ஏறக்குறைய 35 செ.மீ. உள்ள தலைச்சுற்றளவு ஓராண்டில் 46 செ.மீ. அளவுக்கு வளர்ந்துவிடுகிறதே! பின்புறச் சிறுகுழி 2, 3 மாதங்களில் மூடிவிடும். முன்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடும். மேலே உறுதியான சவ்வு இருப்பதால் மெல்லத் தொடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அது துடிப்பதும் இயல்பே.

ஆனால் வயிற்றுப்போக்கின்போது குழி இறங்கினால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். தலையில் வைக்கும் எண்ணெய் அந்நீரை ஈடுசெய்யாது. பாட்டி கண்டது சரி. செய்த மருத்துவந்தான் பிழை. (முதலில் கண்டவர் அவரே; மருத்துவம் பயிலும் நான் அல்லேன்!) தாய்ப்பாலும், இடையிடையே கரண்டியால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு விரைந்தோம். மறுநாள் குழி சமமாயிற்று.

அழும்போது குழி சற்றுப் புடைக்கலாம். அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் புடைத்து நின்று, காய்ச்சலும் கண்டால் மூளையுறை அழற்சியாக இருக்கக்கூடும். ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

பாட்டி எண்ணெயை விட்டபாடில்லை. ஆயினும் இப்போதெல்லாம் உச்சியைத் தடவிப் பார்த்ததும், "பிள்ளை ஒன்றுக்குப் போயிற்றா?" என்று கேட்கிறார்.