மலைவழியும் மன அமைதியும்

சிகிச்சை முடிந்து நலம் பெற்று வருவோர் பலர் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “இனி மலை ஏறலாமா?” என்பது. சிகரத்தைத் தொடும் ஆசை மட்டுமே அக்கேள்வியில் இல்லை. மாதக்கணக்கில் மருந்துச் சீட்டுகளுக்கும் நகரத்து இரைச்சலுக்கும் இடையே கழிந்த மனம் ஓய்வை நாடுகிறது. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் உறவினரும் அதே ஓய்வை விரும்புகின்றனர். ஆனால் வாய்விட்டுக் கேட்பதில்லை. இவ்விருவரையும் மனத்திற்கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

அமைதி எங்கிருந்து வருகிறது?

நகரவாழ்வில் நமது கவனம் ஓயாமல் வேலை செய்கிறது. சாலையைக் கடப்பது, கைபேசிக்குப் பதில் சொல்வது, மருந்துவேளையை நினைவில் வைப்பது ஆகிய அனைத்துக்கும் மனத்தை வலிந்து ஒருமுகப்படுத்த வேண்டியுள்ளது. இவ்வாறு வலிந்து செலுத்தும் கவனம் களைப்படையும் என்றும், இயற்கைச் சூழலில் அது மீண்டும் தெளிவு பெறும் என்றும் அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் விளக்கினர். ஓடை ஒலியும் இலையசைவும் நம்மை வற்புறுத்தாமல் ஈர்க்கின்றன. அந்நேரத்தில் களைத்த கவனம் இளைப்பாறுகிறது.

இதிலிருந்து நோயாளிகள் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அமைதி மலையுச்சியில் காத்திருப்பதன்று, நடையிலேயே கிடைப்பது. ஆகவே பாதி வழியில் திரும்பியவரும் அதனை இழப்பதில்லை.

உடல் அறிந்திருக்க வேண்டியவை

உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேயே தோன்றுகிறது. உதகைக்கு அருகிலுள்ள தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். நம் மாநிலத்து நடைவழிகள் பெரும்பாலும் இதைவிடத் தாழ்வானவை. எனவே இங்கு நாம் அஞ்ச வேண்டியது உயரத்தைவிட, பழக்கமில்லாத உழைப்பையும் நீரிழப்பையுமே. செங்குத்தான படிகளில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் விரைவில் உயர்கின்றன. இறங்கும்போது முழங்கால் மூட்டுகள் மிகுந்த சுமையைத் தாங்குகின்றன. ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், வியர்வையில் நனைந்த உடல் மேலே சென்றதும் குளிரும்.

புறப்படுமுன்

இதயநோய், ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோரும், அண்மையில் அறுவை சிகிச்சையோ ஸ்டென்ட் சிகிச்சையோ பெற்றோரும் தம் மருத்துவரின் ஒப்புதலின்றிப் புறப்படலாகாது. ஒப்புதல் கிடைத்தபின் சில வாரங்கள் சமதளத்தில் நாள்தோறும் நடந்து, பின்னர் படிகளில் பழகுக.

இன்சுலின் பெறுவோருக்கு நீண்ட நடையில் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். குளுக்கோஸ் கையில் இருக்கட்டும். பாதங்களில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளிகள், வேண்டுதலாயினும், வெறுங்காலுடன் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு அட்டைக் கடியில் இரத்தம் நெடுநேரம் கசியலாம். நீண்ட காலுறை அணிவது நன்று. எக்காரணம் கொண்டும் மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது.

வனத்துறை அனுமதித்த வழியில், வழிகாட்டியுடன் மட்டுமே செல்க. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்தினர் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

வழியில்

நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் அது அளவான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துக. நீரின் அளவில் கட்டுப்பாடு உள்ளோர் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பெற்றவர்கள் அதனைப் பையின் அடியில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்க.

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே அமர்ந்து, உடன் வருவோரிடம் சொல்ல வேண்டும். 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். “இன்னும் சிறிது தொலைவுதானே” என்று ஏறுவதே ஆபத்து. ஏறிய ஒவ்வொரு படியையும் இறங்கவும் வேண்டும். காட்டுவழிக்குள் ஊர்தி வாராது.

கவனித்துக்கொள்வோருக்கு

“அவரைப் படுக்கையில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதா?” என்று தயங்குவோரை நாங்கள் அறிவோம். உறங்காத கண்களும் ஓயாத கவலையும் உங்களையே நோயாளியாக்கிவிடும். மாற்றாள் ஒருவரை ஏற்பாடு செய்து, மருந்துவேளைகளை எழுதிக் கொடுத்து, ஒருநாள் சென்று வருவது கடமை தவறியதாகாது. ஓய்ந்து திரும்பியவரின் கையில் பொறுமை மிகுந்திருக்கும்.

மலைக்குச் செல்ல இயலாதோரும் மனம் தளர வேண்டியதில்லை. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்டிருந்தோர், செங்கற்சுவரைக் கண்டிருந்தோரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. எனினும் அது காட்டும் வழி எளியது. கட்டிலைச் சன்னலோரம் திருப்பிப் போடுங்கள். மாலையில் கைபேசியை வைத்துவிட்டு, வேப்பமர நிழலில் சிறிது நேரம் அமருங்கள். உடல் இடம் கொடுக்கும் நாளில் மலை உங்களுக்காக அங்கேயே இருக்கும்.